டர்பன் பயணம்: எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது, என்ன குடிப்பது – முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அறை எடுக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள்: இரவுச் சாப்பாட்டுக்கு எப்படிப் போவீர்கள்? சென்னையில் இதெல்லாம் ஒரு கேள்வியே இல்லை. ஒன்பது மணிக்கு இறங்கி நடந்தால் தெருமுனையில் ஏதாவது ஒரு கடை திறந்திருக்கும். டர்பனில் பொழுது சாய்ந்த பிறகு ஊருக்குள் நடந்து போகிற வழக்கம் கிடையாது. நகர மையம் மாலை ஐந்தரைக்கே காலியாகிவிடும். ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அதனால் இங்கே அறை தேடுவதும் சாப்பாட்டுக் கடை தேடுவதும் ஒரே வேலை. மதியச் சாப்பாட்டை ஊர் சுற்றும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இரவுச் சாப்பாட்டை அறைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டி முழுக்க இந்தக் கணக்கில்தான் போகிறது.

நம் ஆட்களுக்கு டர்பன் வெறும் கடற்கரை ஊர் அல்ல. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல் இங்கே கரை சேர்ந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கினார்கள். அவர்களில் பெரும்பகுதி தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு வீட்டு மொழி ஆங்கிலம். கடையில் தமிழில் பேசிப் பதில் வரவில்லையென்றால் வருத்தப்படாதீர்கள். கோவிலில் 'வணக்கம்' சொன்னால் முகம் மலர்ந்து திருப்பிச் சொல்வார்கள். பெயர்ப் பலகைகளைப் படிக்கவும் ஒரு சின்னச் சாவி இருக்கிறது: கவுண்டர் என்பது 'கவெண்டர்' ஆகியிருக்கும், முதலியார் 'மூட்லி', நாயுடு 'நைடூ', பிள்ளை 'பிள்ளே', படையாச்சி அநேகமாக அப்படியே. தெரியாத பகுதியில் கடை தேடும்போது இந்தப் பெயர்கள் நல்ல துணை.

எப்போது போவது

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு, வெயில் இதம். பகலில் 23 டிகிரியை ஒட்டி இருக்கும், இரவில் ஒரு ஸ்வெட்டர் போதும். ஜனவரியும் பிப்ரவரியும் சென்னை மே மாதப் புழுக்கம். ஏசி இல்லாத அறையில் தூக்கம் வராது.

விலை எகிறும் நாட்கள் நான்கு. டிசம்பர் பள்ளி விடுமுறையில் உள்நாட்டுக் கூட்டம் மொத்தமும் கடற்கரைக்கு வந்துவிடும். ஈஸ்டர் வாரமும் அப்படித்தான். ஜூனில் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டம் நடக்கும் வார இறுதி அடுத்தது. ஜூலை முதல் சனிக்கிழமை கிரேவில் மைதானத்தில் நடக்கும் 'டர்பன் ஜூலை' குதிரைப் பந்தயம் நான்காவது. இந்த வாரங்களில் போவதாக இருந்தால் நான்கைந்து மாதம் முன்னதாகவே அறையைப் பிடித்துவிடுங்கள்.

கோவிலுக்காகப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. தைப்பூசக் காவடிக்கு கிளேர்வுட் சிவசுப்பிரமணியர் கோவில் பேர்பெற்றது. இசிபிங்கோ, மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோவில்களில் பெருங்கூட்டம் கூடுவது புனித வெள்ளியன்று. தோட்டக் காலத்தில் கூலிகளுக்கு விடுமுறை கிடைத்த நாள் அது. அம்மனுக்கும் அந்த நாளே திருவிழாவாகிவிட்டது.

எந்தப் பகுதியில் அறை

முதல் முறை போகிறவர்களுக்குக் கடற்கரைச் சாலைதான் எங்கள் பரிந்துரை. இப்போதைய பெயர் ஓ.ஆர். டாம்போ பரேட், எல்லோரும் சொல்வது பழைய பெயரான மரீன் பரேட். எலங்கேனி–மகாராணி, கார்டன் கோர்ட் மரீன் பரேட் போன்ற பெரிய ஓட்டல்கள் வரிசையாக நிற்பது இங்கேதான். எதிரே துறைமுக வாயிலிலிருந்து ம்கேனி ஆற்று முகம் வரை சுமார் 8 கிலோமீட்டர் நடைபாதை. காலை ஐந்தரைக்கே ஓடுகிறவர்களும் சைக்கிள்காரர்களும் நிறைந்திருப்பார்கள். அந்த நேரத்தில் தாராளமாக நடக்கலாம்.

ஒன்று கவனியுங்கள். கடலைப் பார்த்த முதல் வரிசைக்கும், அதற்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி இருக்கும் மலிவு விடுதிகளுக்கும் பாதுகாப்பில் நிறைய வித்தியாசம். வரைபடத்தில் 'கடலுக்கு 300 மீட்டர்' என்று இருக்கும். அந்த 300 மீட்டரை இரவில் நடக்க முடியாது என்றால் மிச்சம் பிடித்த காசு டாக்ஸிக்கே போய்விடும். நடைபாதையின் தெற்குக் கோடியிலுள்ள சவுத் பீச்சைவிட நடுப்பகுதியும் நார்த் பீச்சும் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு நிம்மதி.

உம்ஷ்லாங்கா நகரத்துக்கு வடக்கே சுமார் 18 கிலோமீட்டர். விமான நிலையத்துக்கும் நகரத்துக்கும் நடுவே இருக்கிறது. புதுக் கட்டடங்கள், கலங்கரை விளக்கம், கேட்வே என்ற பெரிய மால், இரவில் நடந்து போய்ச் சாப்பிடக்கூடிய உணவகங்கள் எல்லாம் ஒரே இடத்தில். வசதிக்கு ஏற்ற விலை. ஆனால் நம் சாப்பாட்டின் வேர் நகரத்துக்குள்தான் இருக்கிறது. தினமும் போய் வரக் காரோ டாக்ஸியோ வேண்டும். நான்கு நாளுக்குமேல் தங்குகிறவர்கள் இரண்டு இரவு கடற்கரைச் சாலையிலும் மிச்சத்தை உம்ஷ்லாங்காவிலும் வைத்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கும்.

பெரியா, மஸ்கிரேவ், மார்னிங்சைடு ஆகியவை நகரத்துக்கு மேலே மேட்டுப் பகுதியில் இருக்கின்றன. காற்று நன்றாக வரும், பழைய பெரிய வீடுகளை விருந்தினர் இல்லங்களாக மாற்றியிருக்கிறார்கள். மார்னிங்சைடில் ஃப்ளோரிடா ரோடு முழுக்க உணவகமும் மதுக்கூடமும். அதையொட்டி அறை கிடைத்தால் இரவுச் சாப்பாட்டுப் பிரச்சினை தீர்ந்தது. வெள்ளி, சனி இரவுகளில் சத்தம் அதிகாலை வரை போகும், எனவே தெருவைப் பார்க்காத அறையாகக் கேளுங்கள். இந்தப் பகுதியில் குரங்குத் தொல்லையும் உண்டு. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் வாழைப்பழமும் ரொட்டியும் திரும்பி வரும்போது இருக்காது.

சாட்ஸ்வொர்த்தும் ஃபீனிக்ஸும் இனவாரிக் குடியிருப்புச் சட்டக் காலத்தில் இந்தியர்களை ஒதுக்கிக் குடிவைத்த பகுதிகள். சொந்தபந்தம், கல்யாணம், கோவில் என்று வருகிறவர்கள் அங்கே தங்கலாம். ஊர் பார்க்க வருகிறவர்களுக்குத் தூரம் அதிகம், இரவில் வண்டி கிடைப்பதும் சிரமம்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

தென்னாப்பிரிக்காவில் பல விடுதிகள் அறைக்கு விலை சொல்வதில்லை, 'இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு' என்று சொல்கின்றன. 900 ராண்ட் என்று போட்டிருந்தால் இரண்டு பேருக்கு 1,800 ராண்ட். தனியாகப் போகிறவருக்கு 900-க்குமேல் ஒற்றையாள் கட்டணமும் சேரும். மலிவு என்று நினைத்துப் பதிவு செய்து வந்து இறங்கியதும் தகராறு ஆவது அநேகமாக இதில்தான். 'மொத்த அறைக்கு, எல்லா வரியும் சேர்த்து, இத்தனை இரவுக்கு எவ்வளவு?' என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது தண்ணீர். குழாய் நீரைத் தாராளமாகக் குடிக்கலாம். பிரச்சினை சுத்தத்தில் இல்லை, வரத்தில் இருக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு பல பகுதிகளில், முக்கியமாக வடக்கே, குழாய் வறண்டுபோகும் நாட்கள் உண்டு. 'ஜோஜோ டேங்க் இருக்கிறதா?' என்று கேளுங்கள். ஜோஜோ என்பது ஒரு கம்பெனிப் பெயர். நாம் சின்டெக்ஸ் என்று சொல்கிற மாதிரி அங்கே எல்லாத் தண்ணீர்த் தொட்டிக்கும் அதே பெயர்தான். மின்வெட்டு 2024-க்குப் பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டது. இருந்தாலும் இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ இருக்கிறதா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம்.

டிசம்பரில் சமையலறையோடு கூடிய 'ஹாலிடே ஃப்ளாட்' தேடுகிறவர்கள் ஏமாறாமல் இருக்க: முன்பணத்தைத் தனியார் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பச் சொன்னால் விட்டுவிடுங்கள். படம் அழகாக இருக்கும், வந்து பார்த்தால் அந்த முகவரியில் அப்படி ஒரு வீடே இருக்காது. பதிவுத் தளம் வழியாக, கடன் அட்டையில் மட்டும் கட்டுங்கள்.

கார் எடுப்பதாக இருந்தால் வண்டி நிறுத்த இடம் கேட்டுக்குள் இருக்கிறதா என்றும் கேளுங்கள். தெருவில் விடுவது சரிப்படாது.

பிளக் விஷயத்தில் இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு சௌகரியம். இங்கே பரவலாக இருக்கும் மூன்று உருண்டைக் கால் சாக்கெட், நம் வீட்டில் ஏசிக்கும் கீசருக்கும் இருக்கும் பெரிய 15 ஆம்பியர் சாக்கெட்டுதான். சின்ன 5 ஆம்பியர் பிளக் சேராது. ஊரிலிருந்தே பெரிய கால் பிளக் வைத்த ஒரு நீட்டிப்புப் பெட்டியைக் கொண்டுவந்தால் வீட்டுச் சார்ஜர்கள் எல்லாவற்றையும் அதில் செருகிவிடலாம். இல்லையென்றால் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் அடாப்டர் கிடைக்கும்.

வந்திறங்கும் நாள்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு முன்கூட்டியே விசா வேண்டும். கடவுச்சீட்டில் வெற்றுப் பக்கம் குறைந்தது இரண்டு இருக்கட்டும்.

கிங் ஷாகா விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர். ஊபரும் போல்ட்டும் ஓடுகின்றன. வெளியே வந்ததும் 'டாக்ஸியா?' என்று கூடவே நடந்து வருகிறவர்களைக் கடந்து வந்துவிடுங்கள். வண்டி எண்ணைச் செயலியில் பார்த்துச் சரிபார்த்துவிட்டு ஏறுங்கள். அதற்கு இணையம் வேண்டும், ஆகவே உள்ளூர் சிம்மை விமான நிலையத்திலேயே வாங்குவது நல்லது. சட்டப்படி பெயர் பதிவு உண்டு. கடவுச்சீட்டோடு தங்குமிடத்தின் முகவரிக் கடிதத்தையும் காட்டச் சொல்வார்கள். அச்சிட்டு வைத்திருந்தால் பத்து நிமிட வேலை.

தெருப் பெயர்கள் குழப்பும். 2000-களில் நகராட்சி பல பெயர்களை மாற்றியது, வாயில் இன்னும் பழைய பெயர்தான். கிரே ஸ்ட்ரீட் இப்போது டாக்டர் யூசுப் டாடூ ஸ்ட்ரீட். விக்டோரியா ஸ்ட்ரீட், பெர்த்தா ம்கிஸே ஸ்ட்ரீட். வெஸ்ட் ஸ்ட்ரீட், டாக்டர் பிக்ஸ்லி காசேமே. ஸ்மித் ஸ்ட்ரீட், ஆன்டன் லெம்பேடே. பாயின்ட் ரோடு, மகாத்மா காந்தி ரோடு. வழி சொல்கிறவர் பழைய பெயரைச் சொல்வார், வரைபடம் புதியதைக் காட்டும். இந்த ஐந்தையும் கைப்பேசியில் குறித்துக்கொண்டால் போதும்.

பணம் எடுப்பது மாலுக்குள் இருக்கும் ஏடிஎம்மில் மட்டும். 'நான் உதவி செய்கிறேன்' என்று யாராவது பக்கத்தில் வந்தால் அட்டையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். பேச்சுக் கொடுத்து அட்டையை மாற்றிவிடுவதுதான் இங்கே வழக்கமான மோசடி. காரில் போகும்போது சிக்னலில் கைப்பேசியை மடியில் வைக்காதீர்கள். காவல்துறை எண் 10111, கைப்பேசியிலிருந்து அவசரத்துக்கு 112.

பன்னி சௌ: வாங்குவதும் உண்பதும்

பெயரைக் கேட்டதும் பன்றியோ என்று பதற வேண்டாம், முயலும் இல்லை. 'பனியா' என்ற வணிகச் சமூகத்தின் பெயரிலிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம். கிரே ஸ்ட்ரீட் கடைகளில் பிறந்த உணவு. ரொட்டியின் நடுவைக் குடைந்து, அந்தக் குழியில் குழம்பை ஊற்றித் தருவார்கள். பாத்திரமும் அதுவே, சாப்பாடும் அதுவே.

கடையில் 'பன்னி சௌ' என்று யாரும் முழுதாகச் சொல்வதில்லை. 'குவார்ட்டர் மட்டன்', 'ஹாஃப் பீன்ஸ்' என்பதுதான் பேச்சு. குவார்ட்டர் என்றால் முழு ரொட்டியில் கால் பங்கு. இங்கே வழக்கமான முழு ரொட்டி 700 கிராம். அதில் கால் பங்கோடு குழம்பும் சேர்ந்தால் நன்றாகச் சாப்பிடுகிற ஒருவருக்குச் சரியாக இருக்கும். ஹாஃப் என்பது இருவருக்கு. முழு ரொட்டி பன்னி கூட்டமாகச் சாப்பிட. முதல் முறை தைரியமாக ஹாஃப் சொல்லிவிட்டுப் பாதியில் திணறுகிறவர்கள் ஏராளம், குவார்ட்டரில் தொடங்குங்கள்.

மட்டன் என்பது இங்கே செம்மறி. நம் ஊர் வெள்ளாடு என்று நினைத்தால் கொழுப்பும் வாசமும் வித்தியாசமாகத் தெரியும். வெள்ளாட்டுக் கறி கடைகளில் தனியாக 'கோட்' என்ற பெயரில் இருக்கும், பன்னியில் அபூர்வம். கோழியும் கிடைக்கும். ஆனால் இந்த உணவின் குணம் முழுதாகத் தெரிய வேண்டுமானால் பீன்ஸ் பன்னியைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. புள்ளி போட்ட 'சுகர் பீன்ஸ்' பயறு, உருளைக்கிழங்கு இல்லாமல், மாவாகக் கரையும் வரை வெந்திருக்கும். விலையிலும் அதுவே குறைவு.

காரம் பற்றி எச்சரிக்கை. டர்பன் மசாலா காஷ்மீரி மிளகாயின் சிவப்போடு, நம் ஊர்ச் சிக்கன் குழம்பைவிட உறைப்பாகவே இருக்கும். தேங்காய் அரைத்து விடும் பழக்கம் குறைவு, அதனால் தணிக்க எதுவும் இல்லை. சொல்லும்போதே 'மைல்ட்' அல்லது 'மீடியம்' என்று சொல்லிவிடுங்கள். பக்கத்தில் 'சாம்பல்ஸ்' வைப்பார்கள்: துருவிய கேரட், வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் வினிகர். அதையும் காரம் தணிக்க எடுக்காதீர்கள், அதிலும் மிளகாய் இருக்கிறது.

உண்ணும் முறை இதுதான். கரண்டி கேட்க வேண்டாம். குடைந்தெடுத்த ரொட்டித் துண்டு மேலே மூடியாக வைக்கப்பட்டிருக்கும். முதலில் அதை எடுத்துக் குழம்பில் தோய்த்துச் சாப்பிடுங்கள். பிறகு சுவரின் மேல் விளிம்பிலிருந்து சின்னச் சின்னதாகக் கிள்ளிக்கொண்டே கீழே வாருங்கள். குழம்பு எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதற்குக் கீழே சுவரை உடைக்கக் கூடாது. உடைத்தால் அணை உடைந்த மாதிரி மொத்தமும் தட்டில் ஓடிவிடும். கடைசியில் அடிப்பகுதி குழம்பில் ஊறி மெத்தென்று மிஞ்சும். ருசி முழுக்க அதில்தான் இறங்கியிருக்கும்.

கெட்டுப்போவது இரண்டு விதத்தில். ரொட்டி மிகப் புதிதாக, சூடாக இருந்தால் குழம்பின் கனம் தாங்காமல் அடி கிழியும். பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் பயணம் செய்தாலும் அதே கதி. பன்னியைக் கடையிலேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். எடுத்துப் போவதாக இருந்தால் ரொட்டியையும் குழம்பையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

எங்கே? உம்பிலோ பகுதியிலுள்ள கவுண்டன்ஸ் மட்டன் பன்னிக்குப் பேர்பெற்றது. அலங்காரம் எதுவும் இல்லாத இடம், பெயரிலேயே ஊர் தெரியும். உம்கேனி ரோட்டில் பிரிட்டானியா ஓட்டல் பழைய பெயர், உட்கார்ந்து குடிக்கவும் செய்யலாம். வடக்கே கிளென் அனில் பகுதியில் கேன்கட்டர்ஸ், உம்ஷ்லாங்காவில் தங்குகிறவர்களுக்குப் பக்கம். மூன்றுக்கும் மதிய நேரமே சரி: குழம்பு அப்போதுதான் இறங்கியிருக்கும், திரும்பும்போதும் வெளிச்சம் இருக்கும்.

பன்னியோடு நின்றுவிடாதீர்கள்

டர்பன் பிரியாணியை 'பிரேயானி' என்பார்கள். உள்ளே பழுப்பு மைசூர்ப் பருப்பும் உருளைக்கிழங்கும் கிடக்கும். பக்கத்தில் பருப்புக் குழம்பும் தயிர்ப் பச்சடி மாதிரி 'சவர் மில்க்' ஒன்றும் வரும். நம் பிரியாணியோடு ஒப்பிட்டுக் குறை சொல்ல வேண்டாம். கோவிலிலும் கல்யாணத்திலும் பெரிய அண்டாவில் வைக்கும் சைவப் பிரேயானியை ஒருமுறை சாப்பிட்டவர்கள் அந்தப் பருப்பு ஏன் இருக்கிறது என்று கேட்க மாட்டார்கள்.

ரொட்டி ரோல் என்பது பெரிய ரொட்டிக்குள் கறியையும் உருளை வறுவலையும் வைத்துச் சுருட்டியது. ஓவர்போர்ட் பகுதிக் கடைகள் இதற்குப் பேர்போனவை, இரவு வெகுநேரம் இருக்கும். வண்டியில் போய் வண்டியிலேயே திரும்புங்கள். குடல் கறியும் பீன்ஸும், ஆட்டுக்காலும் பீன்ஸும் வார இறுதிச் சிறப்புகள். வடை இங்கேயும் வடைதான், முறுக்கும் அப்படியே. 'பூரி பத்தா' என்றால் சேப்பிலையில் மாவு தடவிச் சுருட்டி வெந்து பொரித்ததைப் பூரியோடு தருவது. குஜராத்திகளிடமிருந்து எல்லா வீட்டுக்கும் வந்தது. ஜூன், ஜூலையில் மத்திச் சாளைக் கூட்டம் கரையோரம் வரும்போது வலை இழுத்த இடத்திலேயே பெட்டி பெட்டியாக விற்பார்கள். முதல் நாள் விலை உச்சத்தில் இருக்கும், வரத்து கூடக் கூட இறங்கிவிடும்.

ஜூலு மக்களின் 'ஷிசா நியாமா'வையும் பார்த்துவிடுங்கள். கறிக்கடையும் அடுப்பும் சேர்ந்த இடம். கறியை எடை போட்டு வாங்கி அடுப்புக்காரரிடம் கொடுத்தால் சுட்டுத் தருவார். கூட வரும் 'பாப்' நம் களிதான், வெள்ளை மக்காச்சோளத்தில் கிண்டியது. உம்லாசியில் மேக்ஸ் லைஃப்ஸ்டைல் பிரபலம். பகலில், ஊர் தெரிந்தவரோடு போங்கள்.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். பர்கர், பில்டாங் என்ற உப்புக் கண்டம், புர்வோர்ஸ் என்ற நீளத் தொத்திறைச்சி, 'மின்ஸ்' என்ற கொத்துக்கறி ஆகியவை பெரும்பாலும் மாடு. சமூசாவில் 'மின்ஸ்' என்று எழுதியிருந்தால் என்ன கறி என்று கேட்காமல் கடிக்காதீர்கள்.

விலையில் 15 சதவீத வரி ஏற்கெனவே சேர்ந்திருக்கும். சேவைக்கு 10 முதல் 15 சதவீதம் வைப்பது வழக்கம். பெரிய கூட்டமாகப் போனால் பில்லிலேயே சேர்த்திருப்பார்கள், பார்த்துவிட்டு வையுங்கள்.

சைவக்காரர்களுக்கு

இட்லி, தோசை காலைக் கடைகளை எதிர்பார்த்து வராதீர்கள். 160 ஆண்டுகளில் இங்கே தமிழ்ச் சமையல் வேறு வழியில் போய்விட்டது, இட்லி இங்கே தெருக்கடை உணவாகவே ஆகவில்லை. ஆனால் சைவத்தை மதிக்கிற ஊர் இது. புரட்டாசி மாதம் வந்தால் வீடுவீடாகக் கறி நின்றுவிடும், கடைகளிலும் சைவப் பட்டியல் நீளும். அந்த மாதத்தில் வருகிறவர்கள் பாக்கியசாலிகள்.

மற்ற மாதங்களில் உறுதியான இடம் சாட்ஸ்வொர்த்திலுள்ள ராதா ராதாநாத் கோவிலின் கோவிந்தா உணவகம். வெங்காயம், பூண்டும் இருக்காது. பீன்ஸ் பன்னி வாங்கும்போது 'கறிக் குழம்பு கலக்காதீர்கள், தனிக் கரண்டி' என்று சொல்லுங்கள். ருசிக்காக மட்டன் குழம்பை ஒரு கரண்டி மேலே ஊற்றித் தருகிற கடைகள் உண்டு, அவர்கள் அதை உபசாரமாகச் செய்கிறார்கள்.

குடிக்க

அளவு முதலில். இங்கே ஒரு 'டாட்' 25 மில்லி, இரட்டை 50. நம் ஊர் 30, 60 கணக்கில் சொல்லிப் பழகியவர்கள் மனத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். சாராய வகைகள் பெரும்பாலும் 43 சதவீதம்.

ஊரின் சொந்தச் சரக்கு 'கேன்': கரும்பிலிருந்து வடித்தது, நிறமற்றது, கோலாவோடு கலந்து குடிப்பார்கள். நம் முன்னோர் வெட்டிய கரும்பின் ஊர் இது என்பதை நினைத்தால் அந்தக் கோப்பை வெறும் சரக்காகத் தோன்றாது. பியரில் காசில் லாகர் சாதாரணம். பன்னியின் காரத்துக்கு ஒயினில் சற்று இனிப்பு நிற்கும் செனின் பிளாங்க் பொருந்தும். சிவப்பு ஒயின் காரத்தைக் கூட்டிவிடும். உம்கோம்போத்தி என்பது சோளமும் மக்காச்சோளமும் புளிக்க வைத்த ஜூலு பியர், நீராகாரப் புளிப்பு. நுரையோடு புதிதாக இருக்கும்போது மட்டும் குடியுங்கள்.

சூப்பர் மார்க்கெட்டில் ஒயின் மட்டும்தான், மற்றவற்றுக்கு 'பாட்டில் ஸ்டோர்' போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நேரம் சுருங்கிவிடும், சனியன்றே வாங்கிக்கொள்ளுங்கள். ஹலால் உணவகங்கள் பலவற்றில் மது கிடையாது, வெளியிலிருந்து கொண்டுவரவும் விடமாட்டார்கள். கடற்கரையிலோ நடைபாதையிலோ பாட்டிலைத் திறப்பது குற்றம். ஓட்டுகிறவருக்கு வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 0.05 கிராம், இரண்டு கோப்பையில் தாண்டிவிடலாம் என்பதால் வண்டிச் சாவியை அறையிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

குடிக்காதவர்களுக்கு ஸ்டோனி இஞ்சி பியர் இருக்கிறது. பெயரில்தான் பியர், தொண்டையைப் பிடிக்கும் இஞ்சிச் சோடா. ரூய்போஸ் தேநீரில் காஃபின் இல்லை, இரவில் குடிக்கலாம். 'அமாசி' என்ற புளித்த பால் எல்லாக் கடையிலும் குடுவையில் விற்கிறது. காரம் தின்று வயிறு எரிகிற இரவில் வெறும் சோற்றில் அமாசியையும் உப்பையும் போட்டுப் பிசைந்தால் தயிர்சாதம் தயார்.

சந்தையும் சொந்தச் சமையலும்

சமையலறையோடு அறை எடுத்தவர்கள் இரண்டாம் நாள் காலையை வார்விக் பகுதிக்கு ஒதுக்குங்கள். எர்லி மார்னிங் மார்க்கெட்டில் கீரை, கறிவேப்பிலை, சேப்பங்கிழங்கு, பச்சை மிளகாய் எல்லாம் கட்டுக் கட்டாக இருக்கும். சேப்பங்கிழங்கை 'மடும்பி' என்று கேளுங்கள், ஜூலுச் சொல். அங்கிருந்து விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட் கிட்டத்தில்தான். பழைய இந்தியன் மார்க்கெட் 1973-இல் எரிந்துபோன பிறகு எழுந்த கட்டடம் இது. மசாலாத் தூள்களைக் கூம்பு கூம்பாகக் குவித்து, ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு குத்தி வைத்திருப்பார்கள். 'மதர் இன் லா' என்ற சீட்டு இருப்பது உச்சக் காரம்.

வாங்கும்போது குவியலின் மேல்தூளை நம்பாதீர்கள். வெளிச்சம் பட்டு வாசனை போயிருக்கும். விரலில் ஒரு சிட்டிகை வாங்கித் தேய்த்து முகர்ந்து பாருங்கள், வாசம் மூக்கில் ஏறவில்லையென்றால் உள்ளேயிருந்து புதுப் பொட்டலம் கேளுங்கள். கூட்டம் கலையும் முன், மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். கழுத்துச் சங்கிலி, பெரிய கேமரா எல்லாம் அறையில் இருக்கட்டும். சந்தை நெரிசல் வேண்டாம் என்பவர்களுக்கு மான்டி நாய்க்கர் ரோட்டில் ஸ்பைஸ் எம்போரியம் இருக்கிறது. பருப்பு, அப்பளம், பூசைச் சாமான் வரை ஒரே கூரையில் கிடைக்கும்.

ஊருக்கு மசாலா கொண்டுபோகிறவர்கள் கடையிலேயே வெப்பத்தால் ஒட்டி மூடச் சொல்லி, அதன்மேல் இன்னொரு பையும் போட்டு, சரக்குப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வையுங்கள். கைப்பையில் வைத்தால் சோதனையில் பிரிக்கச் சொல்வார்கள். ஒருமுறை பிரித்த பொட்டலத்தின் மிளகாய் நெடி அடுத்த பத்து மணி நேரமும் உங்கள் இருக்கைக்கு மேலேதான் இருக்கும்.